குளத்தில் ஒரு தபால் பெட்டி

"அந்தக் குருவியை முதல்ல குழுவை விட்டுத் தூக்குங்க டாக்டர். இல்லேன்னா நான் போயிடறேன்."

பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மருந்துக்கடை அக்கா சொன்னார். பல்வலியோடு வந்தவர்கள்கூட அந்த நாற்காலியில் இவ்வளவு கோபமாக உட்கார்ந்ததில்லை.

"என்னக்கா பண்ணினான்?"

"எங்க தெருமுனை பேக்கரியை மறுபடியும் எதிர்ப்பக்கம் வெச்சிருக்கான். போன வாரம் தெருக்குழாயைக் காணோம். அதுக்கு முன்னாடி தெருவையே ஒருவழிப்பாதை ஆக்கிட்டான். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு அவனுக்கு?"

விஷயம் இதுதான். ஊரின் வரைபடத்தை இணையத்தில் சேர்ந்து வரைகிற தன்னார்வலர் குழு அது. யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; யார் கை வைத்தது என்று பெயர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். சம்பளம் கிடையாது, சண்டை மட்டும் தாராளம். டாக்டர்தான் பொறுப்பாளர். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற ஒருவன் அதில் 'குருவி' என்ற பெயரில் வரைகிறான். அக்கா அவனை நேரில் பார்த்ததுகூட இல்லை.

குழுவை ஆரம்பித்தவர் அக்காவின் கணவர். "அடுத்தவங்க வரைஞ்சதைத் திருத்தறதுக்கு முன்னாடி ரெண்டு வரி எழுதிக் கேளுங்க. அவங்களும் செருப்புத் தேய நடந்துதானே வரைஞ்சிருப்பாங்க" என்பார். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் குழுவை விட்டுப் போகவில்லை.

அக்காவின் தெருவை அவர்கள் இருவரும் சாயங்காலங்களில் நடந்து நடந்து வரைந்தார்கள். அவர் அந்த ஓரமாகப் போய், "விளக்குக் கம்பம் ஒண்ணு!" என்று கத்துவார். அக்கா இந்த ஓரத்தில் நின்று போனில் குறித்துக்கொள்வார். போகிற வருகிறவர்கள் சிரிப்பார்கள். அது எவ்வளவு நல்ல காலம் என்று அப்போது அக்காவுக்குத் தெரியவில்லை.

"குருவிகிட்ட கேட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"கேக்காம? அவர் சொன்ன மாதிரி முதல்ல எழுதித்தான் கேட்டேன். 'தம்பி, பேக்கரி இடது பக்கம். மழை வந்தா நானும் அவரும் அந்த வாசல்லதான் ஒதுங்குவோம், எனக்குத் தெரியாதா'ன்னு. அதுக்கு என்ன எழுதறான் தெரியுமா? 'மன்னிச்சிடுங்க அக்கா, திருத்திக்கறேன். அந்த பேக்கரியைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்'ங்கறான். நானும் வேலை மெனக்கெட்டு ஒரு பக்கம் எழுதறேன்..."

"ஒரு பக்கமா?"

அக்கா கொஞ்சம் தடுமாறினார். "கேட்டானேன்னு எழுதினேன். அடுத்த வாரமே இன்னொரு தப்பு! மருந்துக்கடையில இப்படி இடம் மாத்தி வெச்சா ஆளே போயிடுவான் டாக்டர். அதான் நேத்து எல்லாரும் பார்க்கவே குழுவுல எழுதிட்டேன், 'வரையத் தெரியாதவனுக்கு இங்க என்ன வேலை'ன்னு."

"அவனும் பார்த்துட்டான். இனிமே வரையலைன்னு என்கிட்ட சொல்லிட்டான்."

"நல்லதாப் போச்சு" என்றார் அக்கா. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

"அக்கா, இந்த ஊர்ல பாதியை வரைஞ்சது அவன்தான். ஆம்புலன்ஸ்காரங்களே அவன் போட்ட வழியை நம்பித்தான் ஓட்டறாங்க. எங்கயும் ஒரு கோடு பிசகினதில்லை. தப்பெல்லாம் உங்க தெருவுல மட்டும்தான்."

"அப்ப வேணும்னே பண்றான்!"

"வேணும்னேதான்."

"பார்த்தீங்களா! நான் அவனுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"சார் போனதுக்கப்புறம் நீங்க குழுவுல ஒரு வார்த்தை எழுதலை. நாங்க எல்லாரும் மாத்தி மாத்தி 'எப்படி இருக்கீங்க அக்கா'ன்னு கேட்டோம். பதிலே இல்லை. அவன் மட்டும் ஒண்ணும் கேக்கலை. பேக்கரியைத் தூக்கி எதிர்ப்பக்கம் வெச்சான். அன்னைக்கே திட்ட வந்துட்டீங்க."

அக்கா மெல்ல நாற்காலியை விட்டு இறங்கினார்.

"உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தான். பொறுப்பாளரா நான் அவனைக் கண்டிச்சிருக்கணும்க்கா. மனசு வரலை."

மத்தியானம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் அக்கா போனை எடுத்தார். 'மன்னிச்சிடு தம்பி' என்று எழுதி அழித்தார். 'எனக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு' என்று எழுதி அதையும் அழித்தார். தெரிந்துவிட்டது என்றால் அவன் கூச்சப்பட்டு ஒரேயடியாக ஒதுங்கிவிடுவான். இப்போது அவனையும் இழக்க அக்காவால் முடியாது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இருமல் மருந்து கேட்டு வந்தவர், பிறகு வருகிறேன் என்று நழுவிவிட்டார்.

பக்கம் பக்கமாக எழுதியும், அவன் தெரு எது என்று அக்கா ஒருநாளும் கேட்டதில்லை. டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டார். வரைபடத்தில் அந்தத் தெருவைத் தேடிப் பிடித்தார். அங்கே ஒரு தபால் பெட்டி இருந்தது. பக்கத்தில் ஒரு குளம்.

ஒரு மாத்திரையைக்கூட இடம் மாற்றி வைத்தறியாத அக்கா, தபால் பெட்டியைத் தூக்கிக் குளத்துக்கு நடுவில் வைத்தார்.

அப்புறம் போனைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட மருந்தை எடுத்துக் கொடுத்தாரே தவிர, கண் அங்கேயேதான் இருந்தது. கடையை மூடப் போகும்போது போன் ஒலித்தது.

'அக்கா, தப்பா நினைக்காதீங்க. எங்க தெரு தபால் பெட்டி குளத்துல மிதக்குது. நான் திருத்தலாமா?'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார்.

'மன்னிச்சிடு தம்பி. மெதுவா திருத்திக்கலாம். முதல்ல அந்தக் குளத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லேன்.'