படத்தில் இன்னொரு கோடு

டாக்டரின் அறையை விட்டு வெளியே வந்ததும், அவள் தன் ஸ்கேன் படத்தை மறுபடி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

கல் இருந்தது. இடது சிறுநீரகத்தில், ஒரு அரிசிக் குருணை அளவுக்கு.

அதை இப்போது அவள் தேடவில்லை.

முதுகெலும்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு. கையால் நூலோட்டிய தையல் போல விட்டுவிட்டு ஓடியது. தையல் மிஷினிலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

காலையிலிருந்து அவள் படத்தையா பார்த்தாள்? கல்லை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர்தான் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். வயிற்றுக்குள் இறங்குகிற பெரிய ரத்தக்குழாய். அதன் சுவரில் கால்சியம் படிந்திருக்கிறது. கல் வருகிறவர்கள் சிலருக்கு இதுவும் சேர்ந்தே இருக்கிறது. எதற்கும் இதயத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்றார்.

"ரெண்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"அது இன்னும் முழுசாத் தெரியலம்மா."

பயம் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ ஆச்சரியம்தான். சிறுநீரகம் எங்கே, ரத்தக்குழாய் எங்கே? அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரண்டும் கால்சியம் சேர்க்கிற ஒரே வேலையைப் பார்த்திருக்கின்றன.

வெளி ஹாலில் வழக்கமான பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே யாரும் பேர் கேட்பதில்லை. ஊர் கேட்பதில்லை. கல் எத்தனை எம்.எம். என்றுதான் கேட்பார்கள். ஏழு, ஒன்பது என்று பிள்ளைகள் வாங்கிய மார்க்கைப் போலப் பதில் வரும். அவளுடைய நாலு எம்.எம்.முக்கு அங்கே ஒரு மரியாதையும் இல்லை.

மரியாதையெல்லாம் கருத்தப்பாண்டிக்குத்தான்.

லாரி டிரைவர். பதினாலு எம்.எம். போன வாரம் உடைத்து எடுத்தாயிற்று. டாக்டரிடம் கடைசியாக ஒருமுறை காட்டிவிட்டுப் போக வந்தவர், காத்திருந்து சலித்துக் கிளம்ப எழுந்துவிட்டார்.

"கல்லே போயிருச்சு. இனி என்னத்தக் காட்ட? லோடு நிக்குது."

முதுகுவலி, தூக்கம் கெட்டது, வீட்டில் எரிந்து விழுந்தது என்று எல்லாவற்றையும் கல்லின் தலையிலேயே கட்டினார்.

"தார்ப்பாய் கட்ட மேல ஏறுனா நெஞ்ச அடைக்கும்க்கா. அதுவும் இந்தக் கல்லு பண்ணுன வேலைதான்."

சொல்லிக்கொண்டே பழைய ஸ்கேன் படத்தை உறையிலிருந்து உருவி, ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குத் தன் கல்லைக் காட்டாமல் போக மனுஷனுக்கு மனசில்லை.

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள்.

அவள் பார்க்கவில்லை.

அவள் கண் முதுகெலும்புப் பக்கம் போனது. அங்கேயும் அதே வெள்ளைக் கோடு.

சொல்லலாமா? அவள் என்ன டாக்டரா? தொல்லை விட்டது என்று நிம்மதியாக நிற்கிறவர். அவரைக் கூப்பிட்டு வைத்துக் கலவரப்படுத்துவதா? தான் பார்த்தது தப்பாக இருந்தால்?

சரியாக இருந்தால்?

இந்த ஆள் இப்படியே போய் லாரியில் ஏறிவிடுவார். அடுத்த முறை நெஞ்சை அடைக்கும்போது பழி போடக் கல்லும் இருக்காது.

அவர் படத்தை உறைக்குள் செருகத் தொடங்கினார்.

"தம்பி, அத இன்னொருக்கா புடிங்க."

அவர் சிரித்துக்கொண்டே தூக்கினார். "நல்லாப் பாத்துக்கோங்கக்கா. பதினாலு."

"கல்லு இல்ல. இந்தக் கோடு. எனக்கும் இருக்கு. உள்ள டாக்டர் காட்டுனாரு. இது ரத்தக்குழாயாம். நெஞ்சுக்குத்தான் பாக்கச் சொன்னாரு."

படத்தில் விரலை வைத்தாள். விரல் முதுகெலும்பை ஒட்டிக் கீழே இறங்கியது. அவர் கண்ணும் கூடவே இறங்கியது.

கோடு முடியவில்லை. மிச்சத்தை அவருடைய கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது.

அவர் கட்டைவிரலை நகர்த்தினார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. லோடு ஏற்றுகிற இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள் போல. அவர் எடுக்காமல், பக்கத்து நாற்காலியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார்.

எதிரே இருந்த பெரியவர் தன் உறையைப் பிரித்துப் படத்தை வெளியே எடுத்தார். அவருக்கு அடுத்திருந்தவரும் எடுத்தார்.

ஜன்னலருகே இடம் போதவில்லை.