ஜீப்பில் ஏறிய கயாக்

"இந்தப் படகைத் தூக்கிக்கிட்டு இப்பவே வெளியே போ!"

தெருவே திரும்பிப் பார்க்கும்படி அப்பா பொன்னுவேல் கத்தினார். ஒற்றையாள் துடுப்புப் படகான கயாக்கைத் துடைத்துக்கொண்டிருந்த சுகன்யாவுக்கு ஆத்திரம் பொங்கியது.

"கடல் பந்தயத்துக்கு நாளைக்குத்தானேப்பா கிளம்புறேன்?"

"பொட்டப்பிள்ளை தன்னந்தனியா கடல்ல துடுப்புப் போடப் போறாளாம்! என் கண்ணு முன்னால நிக்காத!"

வாசலில் நின்ற பெரியப்பா, ஊர்ப் பெரியதனக்காரர், குறுக்கே வந்தார். "ஏலே பொன்னுவேலு, ராத்திரி இருந்துட்டு வெள்ளனே போகட்டும்டா."

"பெரியப்பாவுக்கு இருக்கிற ஈரம்கூட உங்களுக்கு இல்லையேப்பா!"

அதற்குள் பூண்டு ஏற்றும் ஜீப் வந்து நின்றது. கயாக்கை அதன் மேலே ஏற்றி, அப்பாவே கயிறு போட்டு இறுக்கினார்.

"செத்தாலும் இந்த வாசல மிதிக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு ஏறினாள்.

தங்கள் ஊரான பள்ளங்கியின் எல்லையைத் தாண்டியதும் பின்னால் கொட்டுச் சத்தம் கேட்டது.

"என்ன கொட்டுண்ணே?"

"காப்புக் கட்டுறாங்க தங்கச்சி," என்றார் டிரைவர் பாலமுருகன். "அடுத்த வாரம் கட்ட வேண்டியது. இன்னைக்கே கட்டணும்னு உங்க பெரியப்பா காலையில கூட்டத்துல மாத்திட்டாரு."

சுகன்யா திரும்பி ஊரைப் பார்த்தாள். காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள் யாரும், திருவிழா முடியும்வரை எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது.

"கூட்டத்துல இருந்தே உங்க அப்பா எனக்குப் போன் போட்டாரு. கொட்டு விழறதுக்குள்ள உன்னை எல்லை தாண்ட வச்சிரணும்னாரு."

"ஜீப்பைத் திருப்புங்கண்ணே!"

"மாட்டேன். நீ அழுதாலும் திருப்பக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்பியிருக்காரு."