நாற்பது குல்ஃபி

மாசிலாமணியின் கடையில் கரண்ட் போனதும் ஃப்ரீசர் பதறிப்போனது. அதன் வயிற்றில் நாற்பது குல்ஃபி இருந்தது.

"ஜெனரேட்டர் அண்ணே, சீக்கிரம் எழுந்திருங்க! எல்லாம் உருகிடும்!"

"டீசல் ஊத்தாம என்னை எழுப்பாதே தம்பி" என்றது ஜெனரேட்டர்.

மாசிலாமணி கேனைத் தூக்கிக்கொண்டு பெட்ரோல் பங்குக்கு ஓடினார். கடன் கிடையாது என்று அங்கே விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்தவர் ஃப்ரீசரைத் திறந்து, குல்ஃபியை ஒன்றுவிடாமல் வாரிக்கொண்டு போனார். பங்க்காரர்கள் சப்புக்கொட்டித் தின்றுவிட்டு கேனை நிரப்பிக் கொடுத்தார்கள்.

ஜெனரேட்டர் தடதடவென்று எழுந்தது. ஃப்ரீசருக்குள் ஜிலுஜிலுவென்று குளிர் இறங்கியது.

"இப்ப திருப்திதானே தம்பி?"

ஃப்ரீசர் தன் காலி வயிற்றைப் பார்த்துக்கொண்டது.

"குளிர் அருமையா இருக்கு அண்ணே. இப்ப நான் எதைக் காப்பாத்தணும்?"