ஒன்பது கோல்

ஐஸ் ஹாக்கியில் கோல் காக்க இறங்கிய முதல் ஆட்டத்திலேயே டாரீன் ஒன்பது கோல் விட்டாள். உடை மாற்றும் அறையில் கால் காப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, கணவன் மெர்வின் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தான்.

"ஒன்பது! எங்கம்மா நின்னிருந்தாகூட அஞ்சோட நிறுத்தியிருப்பாங்க."

"அடுத்த வாரம் கூட்டிட்டு வா."

"வட்டு வரும்போது கண்ணை மூடுறே, டாரீன். ஏழு மாசமா மெல்ஃபோர்ட்டுக்குப் பயிற்சிக்குப் போய் இதைத்தான் கத்துக்கிட்டியா? உடம்பெல்லாம் கன்னிப்போயிருக்கு. அம்பத்து மூணு வயசுல எதுக்கு இந்த ஆசை?"

அணித்தலைவன் கார்ட் எட்டிப் பார்த்தான். "அடுத்த வியாழனும் வர்றியா, டாரீன்?"

"சீசன் முழுக்க வர்றேன்."

கார்ட் போனதும், அவள் பையிலிருந்து ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்து மெர்வினிடம் நீட்டினாள்.

"நான் படுத்துட்டா கோல்ல நிக்க ஆளில்லை, ஆட்டமே நடக்காதுன்னு மூணு தடவை முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டே. இன்னைக்கு உன் இடத்துல நான் நின்னேன். ஆட்டம் நடந்துச்சா இல்லையா?"

மெர்வின் கடிதத்தைப் படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். பிறகு சிரமப்பட்டுக் குனிந்து, அவளுடைய இன்னொரு கால் காப்பின் வாரை அவிழ்த்தான்.

"ஆறு மாசத்துல நடந்து வந்துடுவேன். என் இடத்தைத் திருப்பிக் குடுத்துடுவே இல்ல?"

"பார்க்கலாம்," என்றாள் டாரீன். "எனக்கும் பிடிச்சுப்போச்சு."