மூன்று வருடப் பஞ்சு

கோவையில் வளர்ப்புப் பிராணிகளை உருவாக்கி விற்கும் கம்பெனியில் திருமேனிக்கு வடிவமைப்பு வேலை. பிராணி சீக்கிரம் செத்தால் வாங்கியவர் சண்டைக்கு வருவார்; நெடுநாள் வாழ்ந்தால் மறுபடி கடைப்பக்கமே தலைகாட்டமாட்டார். இரண்டுக்கும் நடுவே பேரம் படிந்தாற்போல, மூன்று வருட ஆயுள் போதும் என்று முடிவுகட்டியவர் அவர்தான்.

அவர் வீட்டிலும் ஒன்று வளர்ந்தது. முயல் உடம்பு, அணில் வால், பேர் பஞ்சு. அதன் காது ஏன் சுடுகிறது, வால் எதற்கு என்று மகள் பூவிழி கேட்டதற்கெல்லாம் சளைக்காமல் விளக்கம் சொல்லியிருக்கிறார். இன்று பஞ்சு அவள் மடியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

“எதிர்வீட்டுக் கிளிக்கு இருவது வயசாம். பஞ்சு மட்டும் ஏம்ப்பா இப்படி?”

“இயற்கை கண்ணு. நாம என்ன பண்ண முடியும்?”

“இத வரைஞ்சதே நீங்கதானப்பா?”

திருமேனி வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் பதிலையே எடுத்துவிட்டார். “இதே நிறத்துல, இதே வாலோட நாளைக்கே ஒண்ணு கொண்டாரேன். உனக்கு வித்தியாசமே தெரியாது.”

பூவிழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஞ்சைத் தூக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“அப்ப இத இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பஞ்சுக்கு இன்னும் உயிர் இருந்தது. அவள் போன பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருந்தது.