மூன்றாவது பீப்பாய்

"போன வாரம் எங்க வீட்டுல திரிஞ்ச பால் காபியை ரெண்டு கப் குடிச்சவன் நீ. உனக்கெல்லாம் ஒரு நாக்கா?" எதிரில் உட்கார்ந்திருந்த ஓடிலோன் மேசையைத் தட்டினார்.

"உன் வீட்டுக் காபி என்னைக்குய்யா நல்லா இருந்துச்சு?" என்றபடி ரெமி கண்ணை மூடிக்கொண்டார்.

மதுக்கடையே சிரித்தது.

ஊர்த் திருவிழா லாம்பிக் பியருக்குப் பீப்பாய் பொறுக்கும் நாள். ஸென்னே பள்ளத்தாக்கின் காற்று பட்டே புளித்து, மூன்று வருடம் மரத்துக்குள் கிடந்த சரக்கு. வீட்டுக்கு ஒன்றாக நான்கு பீப்பாய். எது யாருடையது என்பது கடைக்காரி லுட்கார்டுக்கு மட்டுமே தெரியும். முதல் கிளாஸிலிருந்து கடைசி கிளாஸ் வரை கண்ணைத் திறக்காமல் தீர்ப்புச் சொல்வது ரெமியின் இருபது வருடப் பந்தா. ஒன்றில் தவறினாலும் அந்த நடுவர் நாற்காலி ஓடிலோனுக்கு.

ரெமிக்குக் கவலையே இல்லை. பிப்ரவரிக் காய்ச்சலோடு அவருடைய மூக்கும் நாக்கும் செத்துப்போனது மனைவி மார்லீனுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து நாற்காலியில் அவள். மேசையைச் சுற்றி இருக்கும் எல்லோருக்கும் போல அவளுக்கும் ஒரு கிளாஸ் வரும். சரக்கு கெட்டிருந்தால் மேசைக்கடியில் காலை மிதிப்பாள். அவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் கிளாஸ். பச்சைத் தண்ணீர் மாதிரி இறங்கியது. காலில் எதுவும் படவில்லை.

"பச்சை ஆப்பிள். பின்னாடியே குதிரைப் போர்வை வாசம். பேஷ்!"

இரண்டாவது. அதுவும் தண்ணீர்.

"எலுமிச்சைத் தோலு. கொஞ்சம் வைக்கோலு. தாராளமா சேர்க்கலாம்."

மூன்றாவது.

"ஆஹா, இது..." என்று ஆரம்பிப்பதற்குள் கால் கட்டைவிரல் நசுங்கியது. ராட்சசி! மெதுவாக மிதிக்கக் கூடாதா?

"...ஆஹா, இது வினிகர்! முள்ளங்கி மேல ஊத்தித் திங்கலாம். அடுத்தது!"

நான்காவதும் தேறியது. மூன்றாவதை வாயில் வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள்.

"மூணாவது ஓடிலோன் வீட்டுது!" லுட்கார்ட் அறிவிக்க, கடை குலுங்கியது.

"என் பீப்பாயையா வினிகர்ங்கறே? உன் மூக்குல இடி விழ!" ஓடிலோனின் குரல் கூரையைத் தொட்டது.

ரெமி வெற்றிப் புன்னகையோடு கண்ணைத் திறந்தார். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

சமையல்கட்டிலிருந்து பாலாடைக்கட்டித் தட்டோடு மார்லீன் ஓடிவந்தாள். "ஏங்க, நாற்காலி போச்சா? நீங்க கண்ணை மூடினதுமே ஆள் பத்தலைன்னு என்னை உள்ள இழுத்துட்டுப் போயிட்டாங்க!"

ரெமி குனிந்து பார்த்தார். துடைத்துப் பளபளப்பாக்கிய அவருடைய ஷூவின் மேல், ஈரச் சேற்றில், பெரிய ரப்பர் பூட்ஸ் ஒன்றின் தடம்.

எதிரே ஓடிலோன், இன்னும் திட்டிக்கொண்டே, தன் ரப்பர் பூட்ஸ் கால்களை மெல்ல நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.