நடுவில் ஓர் இடம்

"இந்த வரியை யார் சார் சேர்த்தது?"

காலையில் வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. திரையில் தன் டிசைனைத் திறந்ததுமே அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் நோயாளிகளின் வரிசை அது. பல ஆஸ்பத்திரிகளுக்கும் சேர்த்து ஒரே வரிசை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்கள் அதனிடம் எதைக் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று விதி வகுப்பதுதான் அவள் வேலை. கேள்வியை அனுப்பிவிட்டு யாரும் வாய் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். பதில் தயாரானதும் தானே வந்து சேரும்.

அதில் ஒரு சிக்கல். பதில் வருவதற்குள் வேறொருவர் வரிசையை மாற்றியிருப்பார். அதனால் ஐந்தாம் இடம், ஆறாம் இடம் என்ற பேச்சையே அவள் எடுத்துவிட்டிருந்தாள். ஆளைச் சேர்க்கலாம், எடுக்கலாம், அடுத்தது யார் என்று கேட்கலாம். அவ்வளவுதான். யார் முன்னே, யார் பின்னே என்பதை டாக்டர் குறித்த தீவிரமும் பதிந்த தேதியும் முடிவு செய்யும்.

இப்போது அந்த விதிகளின் கடைசியில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது: இந்த ஆளை இந்த இடத்தில் வை.

"நான்தான் சேர்த்தேன்" என்றார் மேனேஜர்.

ஆபீசில் அவருக்கு 'ஆகட்டும் சார்' என்று பெயர். லீவு கேட்டாலும் ஆகட்டும். வேலையை விட்டே போகிறேன் என்றாலும் ஆகட்டும்.

"எதுக்கு?"

"ஒரு அவசரத்துக்கு இருக்கட்டும்மா."

"அவசரம்னா டாக்டர் தீவிரத்தை மாத்துவார், வரிசை தானா மாறும். அதுக்குத்தானே மண்டையை உடைச்சுக்கிட்டு எழுதினேன்? இது அவசரத்துக்கு இல்ல சார், சிபாரிசுக்கு."

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு ஆஸ்பத்திரியில இருந்து ஒரே நேரத்துல 'அஞ்சாவது இடத்துல வை'ன்னு வந்தா என்ன ஆகும்? யாரு யாரைத் தள்ளினாங்கன்னே தெரியாது."

"நீ சொல்றது சரிதான். ஒரே ஒரு தடவை உபயோகிச்சிட்டு எடுத்துடலாம்."

ஒரே ஒரு தடவை. அப்படியென்றால் ஆள் முடிவாகிவிட்டது.

"யாரு சார் அந்தப் பெரிய மனுஷன்? உங்களுக்கு என்ன தர்றேன்னான்?"

பக்கத்து மேஜைகளில் கீபோர்டுச் சத்தம் நின்றது.

"வார்த்தையை அளந்து பேசும்மா."

"நீங்க இடத்தை அளந்து குடுப்பீங்க, நான் வார்த்தையை அளக்கணுமா? ஒருத்தரை நடுவுல செருகினா, கீழே இருக்கிற அத்தனை பேரும் ஒரு படி இறங்கறாங்க. அவங்களும் யாரோ ஒருத்தருக்கு அம்மா, அப்பாதான். எங்கம்மாவே அந்த வரிசையிலதான் இருக்காங்க. இதயத்துல வால்வு கோளாறு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. நான் வந்து உங்ககிட்ட கேட்டேனா?"

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், பேனாவை மூடி வைத்தார்.

"சாயங்காலத்துக்குள்ள அந்த வரி போகலைன்னா டைரக்டருக்கு எழுதுவேன். உங்க பேரைப் போட்டு."

"ஆகட்டும்" என்றார்.

வீடு வந்து சேர்ந்தும் கொதிப்பு அடங்கவில்லை. பையைச் சோபாவில் விட்டெறிந்தாள். கணவன் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். நடந்ததை ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

"இவ்வளவு நாள் பசுன்னு நினைச்சேங்க. புலி."

"அவர் உன்கிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"என்னத்தைச் சொல்வார்? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி முழிச்சார்."

அவன் கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தான்.

"அவரைத் திட்டாதே. கேட்டது நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை.

"முந்தாநாள் நீ ஆபீஸ்ல இருந்தப்ப அத்தை பாத்ரூம்ல விழுந்துட்டாங்க. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. டாக்டர் பாத்துட்டு, 'இவங்களைவிட மோசமா எத்தனையோ பேர் இருக்காங்க, வரிசைப்படி வரட்டும்'னுட்டார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நேரா உங்க மேனேஜர் வீட்டுக்குப் போயிட்டேன்."

"யாரைக் கேட்டுப் போனீங்க?"

"யாரையும் கேக்கல. முடியவே முடியாதுன்னுதான் முதல்ல சொன்னார். நான் அழுதுட்டேன். கடைசியில, 'சரி, பழி என்னோட போகட்டும், அவ பேரு இதுல எங்கேயும் வரக்கூடாது'ன்னார்."

அவனைத் திட்டுவதா, டாக்டரைத் திட்டுவதா, யாரைத் திட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"வந்துட்டியாம்மா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். அந்த ஒரு சொல்லுக்கே நடுவில் ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கதவைச் சாத்தினாள்.

"சொல்லும்மா" என்றார் மேனேஜர். அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. "அந்த வரியை எடுத்துட்டேன். நீ கேட்டதுதான் நியாயம். நான்தான் தப்புப் பண்ண இருந்தேன்."

அவள் ஒருமுறை திரும்பிச் சாத்திய கதவைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சார்... அதை நானே திரும்பச் சேர்த்துடட்டுமா?"